‘பரவாயில்லை’ என்றால் எத்தனை?

“பரவால்லீங்க.”

ஒலிபெருக்கியில் அந்த ஒரு சொல் வந்து விழுந்ததும் எங்கள் கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபில் எல்லாரும் கை தட்டினார்கள். ஏசி கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மேசையில் முந்திரிப் பக்கோடா, பாதாம் பால், ரோஜாப்பூ வைத்த தட்டு. துறைத்தலைவர் முனைவர் ஞானசேகரன் சுவரில் இருந்த பெரிய திரையைக் காட்டினார். டெல்டா வரைபடத்தில் ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு புள்ளி இரண்டு முறை மினுக்கிவிட்டுப் பச்சையாக நின்றது.

“பாத்தீங்களா சார்? ஒரு விவசாயி வாயால சொன்ன சொல்லு, மூணே செகண்டுல நம்பர் ஆயிடுச்சு. ஜீரோ பாயிண்ட் ஃபைவ்!” என்றார்.

பார்வையிட வந்திருந்த கமிட்டிக்காரர்கள் மூன்று பேரும் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவர் பக்கோடாவில் முந்திரியை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தார். மனிதர் ஆராய்ச்சிக்காரர்தான், சந்தேகமில்லை.

விவசாயியிடம் கேள்வி கேட்ட குரல் என்னுடையது. ஸ்டூடியோவுக்குப் பணம் கொடுக்க மனம் வராமல் ஒருநாள் மத்தியானம் என்னை மாடிப்படிக்கு அடியில் உட்காரவைத்துப் பதிவு செய்திருந்தார்கள். “வணக்கம். உங்கள் பயிர் இந்த வாரம் எப்படி உள்ளது?” காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் பின்னால் கேன்டீன் குக்கர் விசில் அடிப்பதும் கேட்கும். செவ்வாய்க்கிழமைதோறும் நானூறு பேருடைய போனில் நானும் அந்தக் குக்கரும் போய் நலம் விசாரித்தோம்.

அன்று பதில் சொன்னவர் ராஜகுமாரி. கடைமடையில் நாலு மா, அதாவது ஒன்றேகால் ஏக்கர் சொச்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா போட்டிருந்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும். திட்டத்தில் ஆள் சேர்க்கப் போனபோது அவர் எண்ணை நான்தான் எழுதி வாங்கினேன். நான் பேராசிரியை என்று இரண்டு தடவை சொல்லியும் “சரிங்க டீச்சர்” என்றார்.

அந்தப் ‘பரவால்லீங்க’வின் கடைசியில் ஓர் இழுப்பு இருந்தது. எனக்கு அது கேட்டது. இந்த மண்ணில் பிறந்த எவளுக்கும் கேட்கும். நானோ இன்னொரு பக்கோடாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

பத்துக்கு ஆறரை

இது என்ன கணக்கு என்று கேட்கிறவர்களுக்காக ஒரு கிளைக்கதை. போன வாரம் இந்தப் பத்தியில் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் கணவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாளும் அப்படியே இருக்கட்டும்.

எங்கள் ஜாதகத்தைப் பார்த்த கும்பகோணத்து ஜோசியர், “பத்துக்கு ஆறரை பொருத்தம்” என்றார். அப்பா கணக்குப்பிள்ளை வேலை பார்த்தவர். விடுவாரா? “அதென்ன அரை?” என்று பிடித்துக்கொண்டார்.

“ரஜ்ஜு தட்டுது. ஆனா தட்டலைன்னும் சொல்லலாம்” என்றார் ஜோசியர்.

பிற்பாடு முனைவர் பட்டத்துக்குப் படிக்கையில் ‘ஃபஸி கணிதம்’ என்று ஒன்றைத் தலையில் கட்டினார்கள். பள்ளிக்கூடக் கணக்கில் ஒரு பொருள் கூட்டத்துக்கு உள்ளே இருக்கும், இல்லையென்றால் வெளியே இருக்கும். இதில் கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே இருக்கலாம். எவ்வளவு உள்ளே என்பதற்குப் பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குள் ஒரு எண் கொடுப்பார்கள். ‘வீட்டில் சமைக்கும் ஆண்கள்’ என்ற கூட்டத்தில் என் கணவர் பூஜ்யம் புள்ளி ஒன்று. வெந்நீர் வைப்பார்.

அட, இதைத்தானே அந்த ஜோசியர் வெற்றிலையை மென்றுகொண்டே செய்தார் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு நூறு ரூபாயும் ஒரு சீப்புப் பழமும் கொடுத்தோம். எனக்கு டாக்டர் பட்டம் கொடுத்தார்கள்.

அரை போட்ட கை

ஞானசேகரனின் திட்டமும் இந்தக் கணக்கில்தான் ஓடியது. புகையான் என்று ஒரு பூச்சி. கடுகளவு இருக்கும். பயிரின் அடித்தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தெரியும்போது வயல் நடுவே வட்டமாகத் தீய்ந்து கிடக்கும். ஒருவர் வயலில் மருந்தடித்தால் பக்கத்து வயலுக்குப் பறந்துவிடும். ஆகவே ஒரு வயல்வெளி முழுக்கச் சேர்ந்து அடிக்க வேண்டும். அதற்காக ஒரு மருந்து வண்டியும் ஆட்களும் இருந்தார்கள். ஆனால் வண்டி ஒன்றுதான், ஊர்கள் நிறைய. எந்த ஊருக்கு முதலில் அனுப்புவது என்பதை எங்கள் வரைபடம் சொல்லும்.

விவசாயி “நல்லா இருக்கு” என்றால் ஆபத்து பூஜ்யம் புள்ளி ஒன்று. “மோசம்” என்றால் பூஜ்யம் புள்ளி ஒன்பது. ஊரின் சராசரி பூஜ்யம் புள்ளி ஆறைத் தாண்டினால் புள்ளி சிவப்பாகும், வண்டி கிளம்பும்.

“பரவாயில்லைன்னு சொன்னா என்ன மேடம் போடறது?” என்று ஞானசேகரன் கேட்டார். “நடுவுல போடுங்க சார். அரை” என்றேன். “ஒண்ணும் வெளங்கலேன்னா?” என்றார். “அதுக்கும் அரையே போட்டுடுங்க” என்றேன். அன்று எனக்குத் தேர்வுத்தாள் திருத்தும் வேலை இருந்தது. இவ்வளவுதான் அந்த எண்ணின் பிறப்பு வரலாறு. ஆராய்ச்சிக் கட்டுரையில் அதற்கு ‘வல்லுநர் மதிப்பீடு’ என்று பெயர். வல்லுநர் நான்தான்.

எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய வருஷம் விதைநெல் அளப்பதைக் குரல்வழியாகப் பதிவு செய்யும் செயலி ஒன்றைச் சோதித்தோம். நம் பக்கத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒண்ணு’ என்று எண்ண மாட்டார்கள். ‘லாபம்’ என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். செயலிக்கு லாபம் என்ன தெரியும்? ‘முதல் எண் காணவில்லை’ என்று எழுதிவிட்டு, சராசரியிலிருந்து ஒன்றை அதுவாகவே இட்டு நிரப்பிக்கொண்டது. நாங்கள் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம்.

வெந்த வட்டம்

கைதட்டலுக்கு அடுத்த சனிக்கிழமை ஒரத்தநாடு பஸ் ஏறினேன். அந்த இழுப்பு நான்கு நாளாகக் காதில் குடைந்துகொண்டிருந்தது. இறங்கி, ஷேர் ஆட்டோவில் போய், அப்புறம் வாய்க்கால் கரையோடு நடந்தேன். புடவைக் கரையெல்லாம் சேறு. ராஜகுமாரி வரப்பில் நின்றிருந்தார்.

“வாங்க டீச்சர்! என்ன இவ்ளோ தூரம்? போன்லயே கேட்டிருக்கலாமே.”

“போன்ல கேட்டதுனாலதான் வந்தேன்” என்றேன்.

வயலின் ஓரமெல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. நடுவில் மட்டும் ஒரு மாட்டுவண்டி வட்டமடிக்கிற அளவுக்குப் பயிர் வெந்து பழுப்பாகக் கிடந்தது. குனிந்து ஒரு தூரை விலக்கினேன். அடியில் பொடிப்பொடியாகப் பூச்சி. என் கையில் ஏறின.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஏம்மா, இப்படிக் கெடக்கு, நீங்க பரவாயில்லைன்னு சொன்னீங்களே?”

“வேற என்னங்க சொல்றது? வெளக்கு வெக்கிற நேரத்துக்குப் போன் வருது. கதிர் வர்ற பயிரு. வாயத் தொறந்து நாசமாப் போச்சும்பாங்களா யாராச்சும்? அதுவும் எங்களயெல்லாம் ஒரு ஆளா மதிச்சு விசாரிக்கிறதே நீங்கதான். ஒங்ககிட்ட மூக்கச் சிந்திக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?”

“சரி, போன மாசம் பயிர் நல்லாத்தானே இருந்துது? அப்பவும் பரவாயில்லைதானே சொன்னீங்க?”

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “நல்லாருக்குன்னு சொன்னா கண்ணு பட்டுடாதா? நீங்க எந்த ஊரு டீச்சர்?”

நான் ஐயம்பேட்டை. பிறந்து வளர்ந்ததெல்லாம் ஆற்றுக்கு இந்தப் பக்கம்தான். என் அம்மா காய்ச்சலில் விழுந்து கிடந்தபோதும் பரவாயில்லை என்றுதான் சொன்னார். எனக்கு வேலை கிடைத்ததை ஊரார் விசாரித்தபோதும் பரவாயில்லை என்றுதான் சொன்னார். இவ்வளவையும் தெரிந்து வைத்துக்கொண்டு, நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவே கோடு கிழித்து அரை என்று எழுதிய அறிவாளி நான்தான். நானூறு பேரும் அதே சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள். டெல்டா பூராவும் பச்சைப் பசேலென்று இருந்ததற்கு அதுதான் காரணம்.

பக்கத்து வயலைக் கேளுங்க

ராஜகுமாரி சொம்பில் மோர் கொடுத்தார். பிறகு எனக்குப் பாடம் நடத்துவதாக நினைக்காமலேயே, போகிற போக்கில் ஒன்றைச் சொன்னார்.

“ஒங்களுக்கு நெசம் வேணும்னா எம் பயிரப் பத்தி எங்கிட்ட கேக்காதீங்க. பக்கத்து வயல் எப்படி இருக்குன்னு கேளுங்க.”

“எங்க, உங்க பக்கத்து வயல் எப்படி?”

“மாரிமுத்தண்ணன் வயலா? அது போயே போச்சு. யூரியாவ அள்ளி அள்ளிக் கொட்டுனாரு, தண்ணியும் வடிக்கல. மேலண்டை நாலு வட்டம் உழுந்துருச்சு.”

அந்த மாரிமுத்துவே மடையடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். “உங்க பயிர் எப்படிங்க?” என்றேன். “பரவால்லம்மா” என்றார். “ராஜகுமாரி வயல்?” என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பாவம்மா அந்தப் பொண்ணு. இன்னும் ரெண்டு வாரத்துல மருந்து படலேன்னா பாதிகூடத் தேறாது. நெலத்துக்காரரு சிங்கப்பூர்லேருந்து போன்ல சொல்லிட்டாரு, இந்தப் போகம் போனா குத்தகைய மாத்திடுவேன்னு. வேற பொழப்பு கெடையாது அதுக்கு.”

ராஜகுமாரி இதை எதையும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அவமானமாக இருந்தது.

கிளம்பும்போது வழிவரை வந்து ராஜகுமாரி இன்னொன்றும் சொன்னார். “வரப்புத் தகராறு இருக்கறவங்ககிட்ட மட்டும் கேட்றாதீங்க டீச்சர். அவன் எல்லாத்தையும் சுடுகாடும்பான். அப்புறம், ‘அவனுக்கென்ன’ன்னு ஒருத்தர் ஆரம்பிச்சா, அந்த வயல்ல ஒரு பூச்சியும் இல்லைன்னு அர்த்தம்.”

பஸ்ஸில் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டே வந்தேன். முதலில் ஒரு நம்பிக்கையை வைத்துக்கொள். ஒவ்வொரு சாட்சியும் வர வர அதைத் திருத்து. பகையாளி சாட்சி என்றால் கொஞ்சமாகத் திருத்து. இதைத்தான் நான் இருபது வருஷமாகக் கரும்பலகையில் பகடையையும் பந்துகளையும் வைத்து நடத்துகிறேன். ஒரு பையிலிருந்து சிவப்புப் பந்து எடுக்கும் கணக்கு டெல்டாவில் யாருக்கு வேண்டியிருக்கிறது? ராஜகுமாரி ஒரு சொம்பு மோர் தீருவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

டேட்டா கெட்டுவிடும்

திங்கட்கிழமை காலை ஞானசேகரனிடம் போய், கேள்வியை மாற்ற வேண்டும், இன்றைக்கே மாற்ற வேண்டும் என்றேன். மனிதருக்கு விஷயம் உடனே புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

“அருமையான ஐடியா மேடம். ஆனா கமிட்டி ரிப்போர்ட் வர ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் கேள்வியத் தொடாதீங்க. நடுவுல மாத்துனா டேட்டா கெட்டுடும்.”

“பயிர் கெடுது சார்.”

“ஒரு வயல வெச்சு முடிவு பண்ண முடியுமா? நீங்களே ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்கறவங்க.”

மருந்து வண்டியை அனுப்பும் அதிகாரியை நானே போனில் பிடித்தேன். அவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “மேடம், அந்த ஊரு ஒங்க மேப்புல பச்சையால்ல இருக்கு?” என்றார். ஒரு தடவை கெஞ்சிப் பார்த்தேன். “மேப்ப மாத்திட்டுச் சொல்லுங்க, ஒடனே அனுப்புறேன்” என்றார்.

நான் கத்தியிருக்கலாம். கமிட்டிக்கு நேராக எழுதியிருக்கலாம். எனக்கு அந்த வருஷம் பதவி உயர்வு நிலுவையில் இருந்தது. சரி சார் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. ‘மிகச் சிறப்பு’ என்றிருந்தது. அன்று சாயங்காலமே கேள்வியை மாற்றினோம். மறுபடியும் அதே படிக்கட்டு, அதே குக்கர். “உங்கள் பக்கத்து வயல் இந்த வாரம் எப்படி உள்ளது?” ஒரே செவ்வாய்க்கிழமையில் வரைபடம் வெற்றிலை போட்ட வாய்போலச் சிவந்துபோனது. இதுவரை வாயே திறக்காதவர்களெல்லாம் பக்கத்து வயலைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார்கள். வண்டி ஓடிற்று. பல ஊர்கள் தப்பின. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி.

ராஜகுமாரியின் ஊருக்கு வண்டி போய்ச் சேர்ந்தபோது வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டிருந்தன. மாரிமுத்துவுக்குச் சொந்த நிலம், அடுத்த போகம் பார்த்துக்கொள்ளலாம். ராஜகுமாரிக்கு அடுத்த போகம் கிடையாது. டேட்டாவுக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை.

கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகையில் வந்தது. ‘அண்டை வயல் சாட்சியத்தின் வழி நிச்சயமற்ற தரவுகளிலிருந்து அறிவைக் கண்டடைதல்’ என்று முழ நீளத் தலைப்பு. முதல் பெயர் ஞானசேகரன், இரண்டாவது நான். நன்றியுரையில் ‘ஒரு பயனாளி’ என்று மட்டும் இருந்தது. அது ராஜகுமாரி. பெயரைப் போடச் சொன்னேன். தனிநபர் விவரம், போடக்கூடாது என்றார்கள். பதவி உயர்வும் வந்தது.

அவர் எனக்குச் சொன்ன பதில்கள்

அடுத்த குறுவை நடவு சமயத்தில் பழைய ஒலிப்பதிவுகளைச் சரிபார்க்கும் வேலை வந்தது. இயந்திரம் எழுதிய எண் சரிதானா என்று காதால் கேட்டுச் சொல்ல வேண்டும். வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தவள் ராஜகுமாரியின் எண்ணைப் பார்த்து நின்றுவிட்டேன். பட்டியலிலிருந்து அவரை யாரும் எடுக்கவில்லை. குத்தகை போன பிறகும் வாராவாரம் அழைப்பு போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அவரும் வாராவாரம் எடுத்திருக்கிறார். பின்னால் தையல் மிஷின்களின் இரைச்சல். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார் என்று மாரிமுத்துவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். “உங்கள் பக்கத்து வயல் எப்படி உள்ளது?” என்று என் குரல் கேட்கிறது. “பரவால்லீங்க டீச்சர்” என்கிறார். அடுத்த வாரமும் அதேதான். அங்கே ஏது வயல்? இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் அரை போட்டு, ஒரத்தநாட்டுக்குத் தெற்கே அந்தப் புள்ளியைப் பச்சையாகவே வைத்திருந்தது.

ஒரு பதிவில் அவர் வேறு பேசியிருந்தார். “டீச்சர், நீங்களே வாரம் தவறாம கூப்புடுறீங்க. நீங்க எப்படி இருக்கீங்க? ஒங்க வீட்டுல சௌக்கியமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்திருக்கிறார். மிஷின் ஓடுகிறது. யாரோ அவரைக் கூப்பிடுகிறார்கள். அப்படியும் வைக்கவில்லை. பதினொரு விநாடி கழித்து, “நன்றி, வணக்கம்” என்று என் குரல் இணைப்பைத் துண்டித்தது. எதிரே இயந்திரத்தின் குறிப்பு: பதில் விளங்கவில்லை, பூஜ்யம் புள்ளி ஐந்து.

அத்தனை மாதமும் பேசியது நான்தான் என்று அவர் நினைத்திருக்கிறார். அதனால்தான் எடுத்திருக்கிறார்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு வராந்தாவுக்கு வந்து கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். நான் வணக்கம் என்றதுமே அவருக்குக் குரல் பிடிபட்டுவிட்டது.

“சொல்லுங்க டீச்சர். இன்னைக்கு வெள்ளிக்கெழமையாச்சே?”

எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கு என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

“ராஜகுமாரி, வாராவாரம் பேசுனது நான் இல்லை, மெஷினு. உங்க வயலுக்கு வண்டி வராமப் போனதுக்குக் காரணம் நான். நீங்க சொன்ன பதிலுக்குத் தப்பா மார்க் போட்டது நான்தான். தெரிஞ்ச பிறகும் ரெண்டு வாரம் சும்மா இருந்துட்டேன். என்னை மன்னிச்சுடுங்க.”

பக்கத்தில் ஓடிய மிஷினை அவர் நிறுத்துவது கேட்டது.

“பரவாயில்லைங்க டீச்சர்” என்றார்.